பயறுப் பயிர்களில் மரபணு மார்க்கர்: விளைச்சலுக்கு அது எப்படி உதவுகிறது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரபணு மார்க்கர் எந்தச் செடியின் விளைச்சலையும் கூட்டாது. அது உரமும் இல்லை, மருந்தும் இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து செடிக்குள் நுழைக்கும் மரபணுவும் இல்லை. செடிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு வேறுபாட்டைக் காட்டிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் அந்த ஒரு வேலையைச் சரியான இடத்தில் பயன்படுத்தினால் ஒரு நல்ல ரகம் உருவாகும் காலத்தில் சில ஆண்டுகள் மிச்சமாகும். கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை போன்ற பயறுக் குடும்பத்துப் பயிர்களில் இது எங்கே நன்றாக நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பள்ளிக்கூட உயிரியல் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, தேவையானதை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய ரகம் உருவாக்குபவருக்கு இருக்கும் சிக்கலிலிருந்து தொடங்குவோம். அவர் கையில் இரண்டு கொண்டைக்கடலை ரகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நன்றாகக் காய்க்கும், ஆனால் வாடல் நோய் வந்தால் தாங்காது. இன்னொன்றை வாடல் நோய் தொடாது, ஆனால் விளைச்சல் சுமார். இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அந்தச் செடிகளின் விதையை விதைத்தால்தான் கலவரம் ஆரம்பம், ஏனென்றால் இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு நாற்றும் ஒரு தனிக் கலவை. 2000 நாற்றுகள் நிற்கின்றன, இவற்றில் நல்ல விளைச்சலும் நோய் எதிர்ப்பும் சேர்ந்து வந்தது எது?

பழைய வழி, வளர்த்துப் பார்ப்பது. நோய்க்கிருமி நிறைந்த நிலத்தில் விதைத்து எது பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும், அதிலும் சில செடிகள் கிருமி வேரைத் தொடாததால் தற்செயலாகத் தப்பிவிடும். விளைச்சல் விஷயம் இன்னும் மோசம். பயறுச் செடிகளில் பூக்கும் பூக்களில் பெரும்பகுதி காயாகாமலே உதிர்ந்துவிடும், எவ்வளவு உதிரும் என்பது அந்த வாரத்து வெயிலையும் ஈரத்தையும் பொறுத்தது, அதனால் ஒரே ரகத்தின் இரண்டு செடிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் காய் எண்ணிக்கை வேறு வேறாக இருக்கும். ஒரு செடியில் நிறையக் காய் இருக்கிறதே என்று அதை மட்டும் எடுத்தால், நாம் எடுத்தது நல்ல மரபணுவையா அல்லது நல்ல மண் கிடைத்த செடியையா என்பது தெரியாது. அதனால்தான் விதையைப் பெருக்கி, வரிசை வரிசையாக விதைத்து, பல ஊர்களில் பல பருவங்கள் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஒரு ரகம் வெளிவர ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆவது சாதாரணம்.

இந்தக் காத்திருப்பில் ஒரு பகுதியைக் குறைக்க வந்ததுதான் மார்க்கர்.

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் மாறி மாறி வரும் மிக நீளமான சரம். கொண்டைக்கடலையில் அந்தச் சரத்தின் நீளம் சுமார் 74 கோடி எழுத்துகள், அது 8 ஜோடிக் குரோமோசோம்களில் பிரிந்து கிடக்கிறது. சோயாவில் 110 கோடி, 20 ஜோடி. ஒரே பயிரின் இரண்டு ரகங்களை எடுத்து ஒப்பிட்டால் இந்தச் சரம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஆங்காங்கே மட்டும் மாறியிருக்கும். ஒரு இடத்தில் இந்த ரகத்துக்கு ஏ, அந்த ரகத்துக்கு ஜி. இதற்கு ஸ்னிப் என்று பெயர். இன்னொரு இடத்தில் 'டிஏஏ டிஏஏ டிஏஏ' என்று ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், அது ஒரு ரகத்தில் 12 முறை, மற்றதில் 20 முறை. இதை எஸ்எஸ்ஆர் என்பார்கள். இப்படி ரகத்துக்கு ரகம் மாறுகிற, நாம் சோதித்துப் பார்க்க முடிகிற எந்த இடமும் ஒரு மார்க்கர்தான். தமிழில் குறிப்பான் என்றும் எழுதுகிறார்கள்.

சோதனை எளிமையானது. நாற்றிலிருந்து சின்ன இலைத் துண்டு எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் அந்த ஒரு இடத்தை மட்டும் பல கோடி நகல்கள் எடுத்து, எந்த எழுத்து இருக்கிறது அல்லது துண்டு எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள். இலை கூடத் தேவையில்லை, சோயா போன்ற பெரிய விதைகளில் முளைக்குருத்தைத் தொடாமல் ஒரு ஓரத்தைச் சீவி எடுத்தே சோதிக்கலாம், மீதி விதை வழக்கம்போல முளைக்கும். அதாவது விதைப்பதற்கு முன்பே 2000 விதைகளில் வேண்டாதவற்றை ஒதுக்கிவிட முடியும். நிலம், தண்ணீர், கூலி எல்லாம் வேண்டியவற்றுக்கு மட்டும்.

சரி, ஒரு எழுத்து மாறியிருப்பதற்கும் விளைச்சலுக்கும் என்ன தொடர்பு? பெரும்பாலும் நேரடியாக ஒரு தொடர்பும் இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். மார்க்கர் வேலை செய்வது அதன் அக்கம்பக்கத்தால். ஒருவர் வீட்டுக்கு வழி கேட்டால் 'அந்த ஆலமரத்துக்குப் பக்கத்து வீடு' என்கிறோம் இல்லையா, ஆலமரத்துக்கும் வீட்டுக்காரருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் மரம் தூரத்திலிருந்தே தெரியும், வீடு தெரியாது. அதேபோல நமக்கு வேண்டிய மரபணு எதுவென்று தெரியாவிட்டாலும், அதன் பக்கத்தில் இருக்கும் எளிதாகப் பார்க்கக்கூடிய ஒரு எழுத்து மாற்றம் போதும். குரோமோசோம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது துண்டு துண்டாகத்தான் போகும், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை சேர்ந்தே போகும்.

இதை முதலில் ஒரு பயறுச் செடியில்தான் காட்டினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1923இல் கார்ல் சாக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பீன்ஸில் நிறமுள்ள விதைத்தோல் கொண்ட ரகத்தையும் வெள்ளை விதை ரகத்தையும் கலந்து, அடுத்த தலைமுறையின் விதைகளை எடைபோட்டார். விதையின் நிறமும் எடையும் சேர்ந்தே வந்தன. நிறம் ஒன்றிரண்டு மரபணுக்களின் வேலை, கண்ணால் பார்த்தாலே தெரியும். எடை பல மரபணுக்களின் கூட்டு வேலை. நிறத்தைப் பார்த்து எடையை ஓரளவு கணிக்க முடிந்தது என்றால், எடைக்குக் காரணமான ஏதோ ஒன்று நிற மரபணுவின் பக்கத்தில் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். டிஎன்ஏவின் வடிவம் தெரியவரும் முன்பே, மார்க்கர் என்ற கருத்தின் முழு அடிப்படையும் அந்த பீன்ஸ் விதைகளில் வந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் விதை நிறத்துக்குப் பதிலாக டிஎன்ஏ எழுத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்? மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும், இதைக் குறுக்கேற்றம் என்பார்கள். மார்க்கருக்கும் மரபணுவுக்கும் நடுவே அப்படி ஒரு வெட்டு விழுந்தால் இரண்டும் பிரிந்துவிடும். நூற்றில் ஒரு முறை பிரியும் தூரத்தை 1 சென்டிமார்கன் என்கிறார்கள். மார்க்கர் 5 சென்டிமார்கன் தள்ளி இருந்தால், அதை நம்பித் தேர்ந்தெடுக்கும் நூறில் 5 தவறாகப் போகும். இதற்கு ஒரு நல்ல தீர்வு உண்டு: மரபணுவின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மார்க்கர் வைத்துக்கொள்வது. இரண்டும் சரியாக இருந்து நடுவில் மட்டும் மரபணு மாறிப்போக இரண்டு பக்கமும் வெட்டு விழ வேண்டும், அதற்கான வாய்ப்பு 5 சதவீதத்தில் 5 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் 25 மட்டுமே.

எந்த மார்க்கர் எந்தப் பண்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உழைப்பு. பண்பில் நன்றாக வேறுபடும் இரண்டு பெற்றோரைக் கலந்து, அந்தப் பிள்ளைகளைப் பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டு நிலையான வரிசைகளாக்கி (வரிசை என்றால் விதைத்தால் மாறாமல் அதே மாதிரிச் செடி தரும் ஒரு விதைக் குடும்பம்), ஒவ்வொரு வரிசையையும் வயலில் அளந்து, ஒவ்வொன்றின் டிஎன்ஏவையும் படித்து, எந்த இடத்தில் 'ஏ' இருப்பவை 'ஜி' இருப்பவற்றைவிடச் சராசரியாக நன்றாகச் செய்கின்றன என்று கணக்குப் போடுவார்கள். அப்படிச் சிக்கும் பகுதிக்கு க்யூடிஎல் என்று பெயர். ஒரு எச்சரிக்கை: நூறு, நூற்றைம்பது வரிசைகளை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் அந்தப் பகுதியின் பலன் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். இது புள்ளியியலில் நன்றாகத் தெரிந்த குறை, பீவிஸ் விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 'இந்த ஒரு பகுதியே விளைச்சல் வேறுபாட்டில் 40 சதவீதத்துக்குக் காரணம்' என்று ஒரு சிறிய ஆய்வு சொன்னால், கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டைக்கடலையின் கதை

பயறு வகைகளில் இதற்கு நல்ல உதாரணம் கொண்டைக்கடலைதான். உலகில் அது பெரும்பாலும் மழை நின்ற பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை வைத்தே விளைகிறது, காய் பிடிக்கும் நேரத்தில் ஈரம் தீர்ந்துபோவதுதான் விளைச்சல் இழப்புக்குப் பெரிய காரணம். ஐசிசி 4958 என்று ஒரு ரகம், அதன் வேர் அடர்த்தியாகவும் ஆழமாகவும் போகும். இக்ரிசாட் ஆய்வு மையமும் அதோடு சேர்ந்து உழைத்தவர்களும் அதை ஐசிசி 1882 போன்ற ரகங்களோடு கலந்து ஆராய்ந்தபோது, வறட்சியைத் தாங்குவது தொடர்பான பல பண்புகள், வேர், விதை எடை, காய்ப்பு எல்லாம், நான்காவது பிணைப்புத் தொகுதியில் (ஒரு குரோமோசோமின் மார்க்கர் வரைபடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒரே பகுதியில் குவிந்திருப்பது தெரிந்தது. அதற்கு க்யூடிஎல் ஹாட்ஸ்பாட் என்று பெயர் வைத்தார்கள். சில பண்புகளில் காணப்பட்ட வேறுபாட்டில் 58 சதவீதம் வரை அந்தப் பகுதியோடு சேர்ந்து வந்தது. பலன் இவ்வளவு பெரிதாக ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

அடுத்து அந்தத் துண்டை நன்றாக விளையும் ரகங்களுக்குள் கொண்டுபோக வேண்டும். இதற்குப் பிற்கலப்பு என்ற பழைய முறையே போதும். நல்ல ரகத்தை ஐசிசி 4958உடன் கலந்து, கிடைத்த பிள்ளையை மறுபடி நல்ல ரகத்தோடேயே கலந்து, மறுபடி, மறுபடி. முதல் பிற்கலப்பில் சராசரியாக 75 சதவீதம் நல்ல ரகம், அடுத்ததில் 87.5, அடுத்ததில் 93.75, ஆறாவதில் 99 சதவீதம் தாண்டும். மார்க்கர் இல்லாமல் ஆறு தடவை போக வேண்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வறட்சித் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று வளர்த்துப் பார்த்தாக வேண்டும். மார்க்கர் இருந்தால் இரண்டு வேலை ஒன்றாக நடக்கும். துண்டின் பக்கத்து மார்க்கர்களைப் பார்த்து அது இருக்கும் செடிகளை முதலில் எடுக்கலாம், அவற்றுக்குள் மற்ற குரோமோசோம்களின் மார்க்கர்களைப் பார்த்து எது நல்ல ரகத்தைப் போலவே அதிகம் இருக்கிறதோ அதை மட்டும் அடுத்த கலப்புக்கு எடுக்கலாம். 75 என்பது சராசரிதானே, சில செடிகள் தற்செயலாக 85இல் நிற்கும், அவற்றைப் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று தடவையிலேயே வேலை முடிந்துவிடும்.

மார்க்கரின் மதிப்பு இன்னொரு இடத்திலும் தெரியும், இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. வேண்டிய மரபணுவோடு ஒட்டிக்கொண்டு அதன் பக்கத்து வேண்டாத மரபணுக்களும் வந்துசேரும். 100 சென்டிமார்கன் நீளமுள்ள குரோமோசோமின் நடுவில் மரபணு இருந்தால், ஆறு பிற்கலப்புக்குப் பிறகும் சராசரியாக 30 சென்டிமார்கனுக்கு மேல் பழைய ரகத்தின் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது கணக்கு. 99 சதவீதம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், மீதமுள்ள துண்டில் விளைச்சலைக் குறைக்கும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். காட்டு இனங்களிலிருந்து எதிர்ப்புச் சக்தி எடுக்கும்போது இது பெரிய தலைவலி. நிலக்கடலையில் வேர்முடிச்சு நூற்புழுவுக்கான எதிர்ப்பு அராக்கிஸ் கார்டனாசி என்ற காட்டு இனத்திலிருந்துதான் வந்தது, அந்தக் காட்டுத் துண்டு குரோமோசோமில் பெரிய பகுதியைப் பிடித்துக்கொண்டே கூட வந்தது. மரபணுவுக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக மார்க்கர் இருந்தால், மிக அருகில் வெட்டு விழுந்த அந்த ஓரிரு செடிகளைத் தேடி எடுக்கலாம். கண்ணால் பார்த்து அவற்றைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இப்படித்தான் பூசா 372 என்ற கொண்டைக்கடலை ரகத்துக்குள் ஹாட்ஸ்பாட் பகுதியை ஏற்றி பூசா 10216 வந்தது. ஈரம் குறைந்த நிலையில் பழைய ரகத்தைவிட ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல் விளைச்சல். அதேபோல அன்னிகேரி 1 என்ற ரகத்துக்குள் டபிள்யூஆர் 315 என்ற எதிர்ப்புள்ள ரகத்திலிருந்து வாடல் நோய் எதிர்ப்பை ஏற்றி சூப்பர் அன்னிகேரி 1 வந்தது, அதில் சுமார் 7 சதவீதம் கூடுதல். எண்கள் சிறியவையாகத் தெரியலாம். ஆனால் ரகத்தின் மற்ற குணங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்க, வழக்கமாக விட்டுப்போகும் விளைச்சலில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது என்பது விவசாயிக்குப் பெரிய விஷயம். பழகிய ரகம், பழகிய பருவம், செய்முறையில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

விளைச்சலுக்கே நேரடியாக ஒரு மார்க்கர் இருக்கக்கூடாதா?

நியாயமான கேள்வி, பதில்தான் கொஞ்சம் நீளம். விளைச்சல் என்பது ஒரு பண்பு இல்லை. எத்தனை கிளை, எத்தனை பூ நின்றது, காய்க்கு எத்தனை விதை, விதை எடை எவ்வளவு, எப்போது பூத்தது, வேர் முடிச்சுகளில் தழைச்சத்து எவ்வளவு சேர்ந்தது, எல்லாவற்றின் கடைசிக் கணக்கு அது. காயில் விதை கூடினால் விதை சிறுத்துப்போகும், ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அதில் 5 மரபணுக்களை மட்டும் இரண்டாம் தலைமுறையில் நிலையான வடிவத்தில் (அதாவது ஜோடியின் இரண்டு நகலும் நல்லதாக) ஒன்றாகப் பிடிக்க வேண்டும் என்றாலே, அவை தனித்தனி இடங்களில் இருந்தால், 1024 நாற்றுகளில் ஒன்றுதான் தேறும். 10 மரபணு என்றால் பத்து லட்சத்தில் ஒன்று.

இன்னொரு சங்கடம், ஒரு ரகத்தில் பலன் தந்தது இன்னொன்றில் தராது. சோயாவில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. காட்டுச் சோயாவான பிஐ 407305இலிருந்து வந்த ஒரு துண்டு விளைச்சலை 9 சதவீதம் அளவுக்குக் கூட்டியது, உற்சாகமான முடிவு. அதே துண்டை 6 உயர்தர ரகப் பின்னணிகளில் வைத்துப் பார்த்தபோது 2இல் மட்டும்தான் பலன் தெரிந்தது. மார்க்கர் எல்லாவற்றிலும் சரியாகத்தான் காட்டியது, துண்டு உள்ளே இருந்தது. மற்ற நான்கில் சுற்றியிருந்த மரபணுக்களோடு அது ஒத்துப்போகவில்லை.

அதனால் என் கருத்து இதுதான்: பயறு வகைகளில் மார்க்கர் இதுவரை சாதித்தது விளைச்சலைக் கூட்டியதில் இல்லை, விளைச்சல் கைநழுவாமல் காத்ததில். நோய், புழு, வறட்சி, காய் வெடிப்பு, இவற்றுக்கெல்லாம் பலன் பெரிதான ஒன்றிரண்டு மரபணுக்கள் கிடைத்துவிடுகின்றன. சோயாவின் வேரைத் தாக்கும் சிஸ்ட் நூற்புழுவைப் பாருங்கள். மேலே இலையில் ஒன்றும் தெரியாமலே விளைச்சலைக் குறைத்துவிடும் புழு அது. ஒரு செடிக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று அறிய, புழுவை மண்ணில் விட்டு, சுமார் ஒரு மாதம் வளர்த்து, வேரைக் கழுவி எண்ண வேண்டும். அந்த எதிர்ப்புக்குக் காரணமான ஆர்எச்ஜி1 என்ற குரோமோசோம் இடத்துக்கான மார்க்கர் வந்த பிறகு அதை இலைத் துண்டில் பார்க்க முடிந்தது. 2012இல் அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தது: சுமார் 31 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு, புழு தாக்கும் சோயாவில் ஒரு நகல், எதிர்ப்புள்ள பிஐ 88788இல் 10 நகல்கள்.

காய் வெடிப்பும் அப்படித்தான். பயறுக் காய் காய்ந்ததும் ஓடு முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறடிக்கும், காட்டுச் செடிக்கு அது நல்லது, அறுவடைக்கு நஷ்டம். சோயாவில் பிடிஎச்1 என்ற மரபணு செயலிழந்திருந்தால் ஓடு அவ்வளவு முறுக்காது, 2014இல் இதை விளக்கினார்கள். மரபணுவுக்குள்ளேயே எழுத்து மாறியிருக்கும் அந்த இடம் தெரிந்துவிட்டதால், அதையே மார்க்கராக வைத்துக்கொள்ளலாம். அப்போது குறுக்கேற்றத்தில் பிரிந்துவிடுமோ என்ற கவலையே இல்லை. ஜப்பானில் விளைச்சல் நன்றாக இருந்தும் காய் வெடிக்கும் ஃபுகுயுடாகா, சச்சியுடாகா போன்ற ரகங்களில் இந்த வடிவத்தைப் பிற்கலப்பால் ஏற்றினார்கள், செடி பார்க்க அதே செடி, விதை மட்டும் தரையில் கொட்டுவது குறைந்தது.

அப்படியானால் துளித்துளியாகப் பங்களிக்கும் அந்த நூற்றுக்கணக்கான மரபணுக்களை விட்டுவிடுவதா? 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், காடார்ட் என்ற மூவர் வேறு வழி காட்டினார்கள். முக்கியமான மார்க்கர் எது என்று தேடவே வேண்டாம். ஜீனோம், அதாவது செடியின் மொத்த டிஎன்ஏ, முழுக்கப் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான மார்க்கர்களை ஒன்றாகக் கணக்கில் எடுத்து, வயலில் அளந்த சில நூறு வரிசைகளை வைத்து ஒரு சூத்திரத்தைப் பயிற்றுவித்து, பிறகு அளக்காத நாற்றுகளின் டிஎன்ஏவை மட்டும் பார்த்து அவை எவ்வளவு விளையும் என்று கணிப்பது. கால்நடை வளர்ப்பில் இது முதலில் வெற்றி பெற்றது, இப்போது சோயாவிலும் கொண்டைக்கடலையிலும் முயல்கிறார்கள். துவரையின் ஜீனோம் 2012இலும் கொண்டைக்கடலையின் ஜீனோம் 2013இலும் வெளியாகி, 2021இல் 3366 கொண்டைக்கடலை மாதிரிகளின் டிஎன்ஏ படிக்கப்பட்டுவிட்டது. டிஎன்ஏ தகவல் ஏராளம், இப்போது பற்றாக்குறை வயலில் ஒழுங்காக அளந்த தகவலுக்குத்தான். அளவு தப்பாக இருந்தால் எவ்வளவு மார்க்கர் வைத்தாலும் கணிப்பு தப்பாகவே வரும்.

அப்புறம், இது மரபணு மாற்றுப் பயிரா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை. கலப்பது வழக்கமான கலப்பு, மகரந்தத்தை எடுத்துப் பூவில் வைக்கிற அதே வேலை. ஆய்வகத்தில் நடப்பது படித்துப் பார்ப்பது மட்டும், படித்த இலைத் துண்டு குப்பைக்குப் போய்விடும், செடிக்குள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

'அதிக விளைச்சலுக்கான மார்க்கர் கண்டுபிடிப்பு' என்று இனி எங்காவது படித்தால், உள்ளே போய் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். எத்தனை வரிசைகளை அளந்தார்கள், எத்தனை இடத்திலும் எத்தனை பருவத்திலும் அளந்தார்கள், கண்டுபிடித்த துண்டை வேறு ரகங்களுக்குள் ஏற்றி மறுபடி சோதித்தார்களா. மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அது இன்னும் ஒரு கலப்பில் கிடைத்த தடயம் மட்டுமே. ரகமாக வருமா என்பது அடுத்த சில பருவங்களின் வயல் சோதனையில்தான் தெரியும்.